எங்க வீட்டு சப்வூஃபர் ஏன் புறவாசலுக்கு நடந்தது?

எங்கள் வீட்டு சப்வூஃபரின் எடை 12 கிலோ. பத்து இன்ச் ஸ்பீக்கர், எம்.டி.எஃப். பலகையில் செஞ்ச பெட்டி, அடியில் நாலு பிளாஸ்டிக் கால். மைக் செட் தொழிலை விட்டுட்ட அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர்கிட்ட இருந்து பாதி விலைக்கு வந்தது. அது நடக்கும். சும்மா அடிச்சு விடலை, நிஜமாவே நடக்கும். ராத்திரி ஒரு படம் போட்டா, டைட்டில் ஓடும்போது டிவி ஸ்டாண்டை ஒட்டி நிக்கிற பெட்டி, படம் முடியும்போது ஒரு சாண் தள்ளி நிக்கும். இடையில சண்டைக் காட்சி நிறைய இருந்தா ஒன்றரை சாண். பழைய பீம்சிங் படம்னா பாவம், இருந்த இடத்துலயே இருக்கும்.

இந்தப் பிரச்சினை உலகம் முழுக்க இருக்கு. அமெரிக்காவில் ஹால் தரைக்கு ஓக் மரப் பலகை பதிச்சு, மேலே பாலியூரிதேன் பூச்சு அடிச்சு வழவழன்னு வச்சிருப்பாங்க. அங்கேயும் சப்வூஃபர் வழுக்கிட்டுப் போகும். நமக்கு மரத் தரை கிடையாது. ஆனா அதைவிட வழுக்கலான ஒண்ணு இருக்கு: இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ். எங்க வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் காவி போட்ட சிமென்ட் தரைதான். கல்யாணத்துக்கு ஆள் வருவாங்கன்னு அப்பா டைல்ஸ் போட்டார். அன்னையிலிருந்து வீட்டில் எல்லாமே கொஞ்சம் வழுக்குது. ஸ்டூல், மிதியடி, ஆச்சி.

ஆச்சிக்கு வயசு 78. ராத்திரி ரெண்டு தடவையாவது எழுந்து புறவாசல் பக்கம் இருக்கிற பாத்ரூமுக்குப் போவா. லைட் போடமாட்டா. போட்டா மத்தவங்க தூக்கம் கெடுமாம். கைத்தடி வாங்கிக் கொடுத்திருக்கு. அது கட்டில் ஓரத்தில் சாஞ்சே இருக்கும், எடுக்கமாட்டா. சுவரைப் பிடிச்சுக்கிட்டே டிவி ஸ்டாண்டு வரைக்கும் வந்து, அங்கிருந்து கையை எடுத்து நாலு எட்டு நடந்து புறவாசல் நிலையைப் பிடிப்பா. அந்த நாலு எட்டுலதான் பெட்டி வந்து நிக்குது.

ஒரு நாள் கால் பெருவிரல்ல இடிச்சு நகம் கறுத்துப் போச்சு. விழல. விழுந்திருந்தா என்ன ஆகும்னு இடுப்பு எலும்பு ஒடஞ்ச பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். மறுநாள் காலையில அப்பா தீர்ப்பு சொல்லிட்டார்: "அதத் தூக்கி மச்சுல போடு. போன தீவாளிக்கு வாங்குனதுக்கு இந்த தீவாளி வரைக்கும் கேட்டாச்சுல்லா."

எதிர்த்தது நான் இல்ல. ஆச்சி. "ஏலே, அத எடுத்தா எனக்கு என்னலே கேக்கும்?"

இதுல ஒரு விஷயம் இருக்கு. வயசாகும்போது காது போறது எல்லா சத்தத்துக்கும் ஒரே மாதிரி போகாது. உயர் அதிர்வெண் முதல்ல போகும், தாழ்ந்த அதிர்வெண் கடைசி வரைக்கும் ஓரளவு நிக்கும். ச, ஸ, ட, க மாதிரி ஒலிகளைப் பிரிச்சுக் காட்டுற கூர்மை பெரும்பாலும் மேல் பக்கம்தான் இருக்கு. அதனாலதான் பெரியவங்க "பேசுறது கேக்குது, என்ன சொல்றன்னு புரியல"ன்னு சொல்றாங்க. ஆச்சிக்கு சீரியல் வசனம் எல்லாம் வெறும் முணுமுணுப்பு. ஆனா வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறது, கொடையில நையாண்டி மேளத்துல தவில் பேசுறது, இதெல்லாம் கேக்கும். காதால் கேக்காத மிச்சத்தைக் கையால் கேப்பா. எங்க ஊர்க் கொடை ரெக்கார்டிங்கை பென் டிரைவில் போட்டு ஓடவிட்டா, பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைப் பெட்டி மேல வச்சுக்குவா. குடம் விழும்போது தலை லேசா ஆடும். பத்து வருஷமா எந்த சாமியாடியையும் நேர்ல போய்ப் பார்க்க முடியாதவ.

ஆக, எனக்குக் கிடைச்ச கணக்கு இதுதான். பெட்டி ஆச்சி கைக்கு அதிரணும். ஆச்சி காலுக்கு நகரக் கூடாது. செமஸ்டர் லீவு முடியிறதுக்கு இன்னும் பதினாறு நாள். நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பினதும் அப்பா அதை மச்சுக்கு ஏத்திடுவார்னு எல்லாருக்கும் தெரியும்.

வீட்டு வைத்தியம் எல்லாம் வரிசையா நடந்தது. அம்மா மிதியடியை மடிச்சு அடியில் வச்சாங்க. துணி டைல்ஸ் மேல பிளாஸ்டிக்கைவிட ஜோரா வழுக்கும், ஒரே ராத்திரியில் மிதியடியோட சேர்ந்து பயணம். அப்பா பெட்டிக்கு முன்னாடி ஒரு செங்கலைப் பேப்பர் சுத்தி வச்சார். நகரல, ஆனா பெட்டி செங்கல்ல மோதி மோதி கொர்ர்ருன்னு ஒரு சத்தம். அதுவும் போக, ஆச்சி இடிச்சுக்க இப்போ செங்கலும் கிடைச்சிருச்சு. ஹாஸ்டல் ரூம்மேட் போன்ல சொன்னது டபுள் சைடு டேப். நாலு நாள் நின்னது. அம்மா பினாயில் ஊத்தித் துடைக்கிற தரையில அஞ்சாவது நாள் கறுப்புப் பிசின் மட்டும் மிச்சம். நான் ஒரு யோசனை சொன்னேன்: அம்மிக்கல்லைத் தூக்கிப் பெட்டி மேல வச்சா என்ன? இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் படி இதுதான் நேர்மையான வழி. செங்குத்து விசை கூடும், உராய்வு எல்லையும் கூடும், மொத்த நிறை கூடுறதால பெட்டி ஆடுறதும் குறையும். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில அந்தப் பேச்சு அங்கேயே முடிஞ்சது. கல்யாணத்துல மிதிச்ச அம்மியைப் பாட்டுப் பெட்டி மேல வைக்கிறதாம். அதுவும் சரிதான். அம்மி ஏறினா அவ கை வைக்க இடமும் இருக்காது, அதிர்வும் இருக்காது.

சரின்னு நோட்டை எடுத்தேன்.

சப்வூஃபர் ஏன் தன்னைத்தானே தள்ளுது? உள்ளே இருக்கிற கூம்பு முன்னும் பின்னும் ஆடுது. கூம்பை முன்னால் தள்ளுற அதே விசை பெட்டியைப் பின்னால் தள்ளும், நியூட்டனோட மூணாவது விதி. பத்து இன்ச் ஸ்பீக்கர்ல அசையிற பகுதி, அதாவது கூம்பும் சுருளும் சேர்த்து, சுமார் 100 கிராம் இருக்கும். 40 ஹெர்ட்ஸில் 5 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடுதுன்னு வச்சுக்குவோம். முடுக்கம் போட்டுப் பார்த்தா 316 வருது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 32 மடங்கு! ஆக, 100 கிராம் கூம்பு பெட்டியைத் தள்ளுற உச்ச விசை 3.2 கிலோ எடைக்குச் சமம்.

எதிர்ப்பக்கம், தரை எவ்வளவு பிடிக்குது? அக்கா வளைகுடாவில் இருந்து வரும்போது பயன்படுத்துற லக்கேஜ் தராசு வீட்டில் கிடந்தது. அதோட கொக்கியைப் பெட்டி அடியில் கட்டின கயித்துல மாட்டிக் கிடைமட்டமா இழுத்தேன். 2.4 கிலோவுல பெட்டி அசைஞ்சது. 2.4 வகுத்தல் 12, உராய்வுக் குணகம் 0.2. பாடப் புத்தகத்துல கணக்குக்காக எடுத்துக்கிற அதே 0.2, எங்க ஹால்லயே கிடந்திருக்கு.

3.2 தள்ளுது, 2.4 பிடிக்குது. வழுக்கும். கணக்கு முடிஞ்சதுன்னு நோட்டை மூடப் போனேன். அப்போதான் ஒண்ணு இடிச்சது.

கூம்பு முன்னும் பின்னும் *சமமா* ஆடுது. முன்னால் 3.2 தள்ளினா அடுத்த நொடியின் 80-ல் ஒரு பங்குல பின்னால் 3.2 இழுக்கும். அப்படின்னா பெட்டி இருந்த இடத்துலயே நின்னு நடுங்கணும். ஏன் போகுது? அதைவிட மோசம், கூம்பு கிழக்கே பார்த்து இருக்கு. பெட்டி போறது தெற்கே, புறவாசலுக்கு. கிழக்கு மேற்கா ஆட்டினா தெற்கே போற பொருளை நான் வேற எங்கேயும் பார்த்ததில்ல.

போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 40 ஹெர்ட்ஸை மட்டும் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். சாக்பீஸால தரையில கோடு. 7 சென்டிமீட்டர், தெற்கே. பெட்டியைத் திருப்பிக் கூம்பு தெற்கே பார்க்க வச்சேன். அப்பவும் தெற்கே. வடக்கே பார்க்க வச்சேன். தெற்கே. வயர் இழுக்குதோன்னு வயரைத் தளர்வா விட்டேன், ஹாலோட அந்தக் கோடிக்குத் தூக்கிட்டுப் போய் வச்சேன். எங்க வச்சாலும் புறவாசல்தான். அம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்து, "அதுக்கும் பாத்ரூம் வருதோ என்னவோ"ன்னாங்க.

விடை ஒரு கோலிக்குண்டுல கிடைச்சது. தரையில வச்சேன், அது மெதுவா உருண்டு புறவாசல் படியில போய் நின்னது. டைல்ஸ் போட்ட கொத்தனார் அண்ணாச்சி பக்கத்துத் தெருதான். போய்க் கேட்டேன். "வாட்டம் வச்சிருக்கம்லா தம்பி" என்றார், இதைக்கூடவா கேக்கணும்கிற மாதிரி. ஹாலைக் கழுவிவிட்டா தண்ணி புறவாசலுக்கு ஓடணும்னு அம்மாதான் சொன்னாங்களாம். நம்ம வீடுகள்ல தரை மட்டமா இருக்கிறதே இல்ல; பார்த்தா மட்டம், தண்ணிக்குத் தெரியும் எது பள்ளம்னு. அவரோட நாலடி மட்டக்கோலையும் ரசமட்டத்தையும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிட்டு வந்து வச்சுப் பார்த்தேன். 1200 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் இறக்கம். 200-க்கு 1.

12 கிலோ பெட்டியை இந்த வாட்டம் கீழே இழுக்கிற விசை எவ்வளவு? 12,000 வகுத்தல் 200, அறுபது கிராம். ஒரு கோழி முட்டையோட எடை. 2.4 கிலோ பிடிமானம் இருக்கிற தரையில ஒரு முட்டை எப்படி அந்தப் பெட்டியை இழுத்துட்டுப் போகுது?

இங்கதான் நாம பரீட்சைக்குப் படிச்ச உராய்வுக்கும் நிஜ உராய்வுக்கும் நடுவுல நாம தாண்டிப் போன ஒரு வரி இருக்கு. 1699-ல் அமோன்டன் சொன்னதையும் 1785-ல் கூலும் சொன்னதையும் நாம ஏணி, ஆப்பு, பெல்ட்னு கணக்கா போட்டுத் தள்ளிட்டோம். அதுல எல்லாம் பொருள் ஒரே ஒரு திசையில்தான் போகப் பார்க்கும். ஆனா உராய்வு எல்லாத் திசைக்கும் தனித்தனியா 2.4 கிலோ வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கல. இருக்கிறது மொத்தமா ஒரே 2.4. பொருள் எந்தப் பக்கம் வழுக்குதோ, அதுக்கு நேர் எதிர்ப் பக்கமா அந்த மொத்தமும் திரும்பிடும். பெட்டி கிழக்கு மேற்கா வழுக்க ஆரம்பிச்ச கணமே உராய்வு முழுக்க மேற்கு கிழக்கா செலவாகிடுது. தெற்கே பிடிக்கிறதுக்குக் கையில் ஒண்ணும் மிச்சமில்ல. அந்த நேரம் பார்த்து முட்டை எடை இழுத்தா வரத்தான் செய்யும். ஒவ்வொரு ஆட்டத்துலயும் கண்ணுக்குத் தெரியாத துளி. நொடிக்கு நாப்பது ஆட்டம்.

இது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான், பேரு தெரியாம இருந்திருக்கு. விரல்ல இறுகின மோதிரத்தை நேரா இழுத்தா வராது, திருகிக்கிட்டே இழுத்தா வரும். திருகுற திசையில உராய்வைச் செலவு பண்ணிட்டா இழுக்கிற திசையில அது இல்ல. ஹாஸ்டல் ரோட்டுல மணல் கிடக்கும்போது பைக்ல பின் பிரேக்கை அழுத்திப் பிடிச்சவங்களுக்குப் பின் சக்கரம் பக்கவாட்டுல இழுத்துட்டுப் போன அனுபவம் இருக்கும். சக்கரம் சுத்தாம முன்னால் வழுக்க ஆரம்பிச்சதும் பக்கவாட்டுப் பிடிமானம் காலி. ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்ட விடாம வச்சிருக்கிறது இந்தப் பக்கவாட்டுப் பிடியைக் காப்பாத்தத்தான். மேசையில் வச்ச போன் வைப்ரேட் ஆகி ஓரத்துக்கு நகர்ந்து போய் விழுறதும் இதேதான். மேசையும் மட்டமா இருக்காது.

கூம்பு வாட்டத்தோட திசையிலேயே ஆடினாலும் கதை பெரிசா மாறாது. கீழே வழுக்கும்போது முட்டை கூடத் தள்ளுது, மேலே வழுக்கும்போது முட்டை தடுக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் லாபம்.

நம்பிக்கை வரலைன்னு தராசை மறுபடி மாட்டினேன். சத்தம் இல்லாம இழுத்தப்போ 2.4 கிலோ. 40 ஹெர்ட்ஸ் ஓடும்போது தெற்கே இழுத்தேன். 300 கிராமுக்கே பெட்டி சர்ருன்னு வந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் போன செமஸ்டர் எந்த லேப்லயும் வரலை. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பொ வாட்டத்த எடுத்துருவியா?" என்றாள். டைல்ஸை உடைக்கிற அளவுக்கு நான் இன்னும் போகலை.

ஆக, பிடியை எவ்வளவு கூட்டலாம்னு யோசிக்கிறதைவிட, இருக்கிற பிடி ஆட்டத்துல செலவாகாம பார்த்துக்கிறதுதான் வேலை. இது புரிஞ்ச பிறகு வெளிநாட்டுக்காரங்க சொல்ற வழிகளைப் படிச்சப்போ சிரிப்பு வந்தது. பாதிப் பேர் சொல்றது ஸ்பைக், கூர்மையான இரும்புக் கால். அது கம்பளம் விரிச்ச வீட்டுக்காக வந்தது. கம்பளத்தைத் துளைச்சு அடித்தரையைப் பிடிக்கும். மரத் தரையில நேரா வச்சா என்ன ஆகும்? 12 கிலோவை நாலு கால்ல பிரிச்சா காலுக்கு 3 கிலோ. முனை ஒரு சதுர மில்லிமீட்டர்னா, சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம். ஓக் மரத்துல அழகா குழி விழும். அதுக்குத் தட்டு மாதிரி ஒரு வில்லையை அடியில் வைப்பாங்க. வில்லை மறுபடி வழுக்கும். டைல்ஸ்லயோ ஸ்பைக் ஒண்ணு வழுக்கும், இல்ல மெருகைக் கீறும். ரப்பர் விரிப்புக்கும் அங்கே ஒரு தலைவலி இருக்கு. சில ரப்பர்ல இருந்தும் பி.வி.சி.யில இருந்தும் கசியிற ரசாயனம் மரத்தோட பூச்சுல மஞ்சள் கறை போட்டுடும், துடைச்சா போகாது. விட்ரிஃபைட் டைல்ஸுக்கு அந்தப் பயம் பெரிசா இல்ல. இந்த ஒரு விஷயத்துல நாம கொடுத்து வச்சவங்க.

ரப்பர்தான்னு முடிவாச்சு. எங்க ஊர்ல ரப்பர்னா சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில வெட்டிப்போட்ட டியூப் ஒரு முழம் சும்மாவே கொடுத்தாங்க. வட்டமா வெட்டி, உப்புத்தாளால தேய்ச்சு, சொல்யூஷன் தடவி நாலு பிளாஸ்டிக் கால்லயும் ஒட்டினேன். தராசு 7 கிலோ காட்டிச்சு. மூணு மடங்கு பிடி! சாக்பீஸ் கோடு போட்டு வச்சேன். ஒரு வாரம் பெட்டி அசையல. அப்பா கூட "பரவால்லியே"ன்னு ஒரு வார்த்தை விட்டார்.

பத்தாவது நாள் கோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி.

தராசை மாட்டினா 4.5 கிலோ. தூசி. டைல்ஸ்ல கண்ணுக்குத் தெரியாத பவுடர் மாதிரி ஒண்ணு எப்பவும் இருக்கும், ரப்பர் அதைப் பூசிக்கும், பிடி போயிடும். ஈரத் துணியால துடைச்சதும் திரும்ப 7-க்குக் கிட்ட வந்தது. ஆனா என்னைக் குழப்பினது தூசி இல்ல. 4.5-னாலும் அது கூம்போட 3.2-ஐவிட அதிகம். வழுக்கவே கூடாதே?

இதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. விடை அதிர்வுகள் பாடத்துல இருந்தது. ரப்பர் வெறும் பிடிமானம் கிடையாது, அது ஒரு ஸ்பிரிங். பெட்டி ஒரு நிறை. ரெண்டும் சேர்ந்தா அதுக்குன்னு ஒரு இயல்பு அதிர்வெண் வரும். ஒரு மில்லிமீட்டர் டியூப் ரொம்ப விறைப்பான ஸ்பிரிங். நறுக்குப் போக்கத் தன்மையை ரப்பருக்கு வழக்கமா இருக்கிற அளவுல எடுத்துத் தோராயமா போட்டா இயல்பு அதிர்வெண் 65 ஹெர்ட்ஸ் பக்கம் வருது. நாம ஆட்டுறது 40-ல். டிரான்ஸ்மிசிபிலிட்டி வரைபடம் ஞாபகம் இருக்கா? விகிதம் ரூட் 2-ஐத் தாண்டினாத்தான் தரைக்குப் போற விசை குறையும். அதுக்குக் கீழே இருந்தா *கூடும்*. எனக்கு வந்த விகிதம் 0.6. போகிற விசை ஏறக்குறைய 1.6 மடங்கு. 3.2 இப்போ 5.1. டியூப் சுத்தமா இருக்கும்போது 7-க்குள்ள அடங்கிச்சு, தூசி படிஞ்சு 4.5 ஆனதும் மீறிப் போச்சு. உதவிக்குன்னு கூப்பிட்ட ஆள் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தள்ளின மாதிரி.

வழி அப்போ தெளிவா தெரிஞ்சது: தடிமனா, மெதுவா ரப்பர் வேணும். இயல்பு அதிர்வெண்ணைக் கீழே இறக்கணும். இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. தரையே இல்லாம பெட்டி அந்தரத்துல மிதந்தா, அது எவ்வளவு ஆடும்? படகுல ஒருத்தர் முன்னால் நடந்தா படகு பின்னால் போகுமே, அதேதான். 100 கிராம் கூம்பு 5 மில்லிமீட்டர் போனா, 12 கிலோ பெட்டி 5-ஐ 120-ஆல வகுத்த அளவு போகும். 0.04 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி தடிமன்கூட இல்ல. பெட்டி கேக்கிறது அவ்வளவுதான். அந்த முடியளவு ஆட்டத்தை ரப்பர் தன் உடம்புக்குள்ளயே வளைஞ்சு கொடுத்துட்டா, ரப்பரோட அடிப்பக்கம் தரையில அசைய வேண்டியதே இல்ல. அசையலைன்னா உராய்வு செலவாகாது. முட்டை எவ்வளவு இழுத்தாலும் மொத்தப் பிடியும் அதை எதிர்த்து நிக்கும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில "ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு ரப்பர் கால்"னு கேட்டேன். 15 மில்லிமீட்டர் உயரம், நடுவுல இரும்பு வாஷர் வச்சுத் திருகுற மாதிரி. கடையில இருந்ததுல கையால அமுக்கிப் பார்த்து மெதுவானதா நாலு எடுத்தேன், 60 ரூபாய். பழைய பிளாஸ்டிக் காலைக் கழட்டிட்டு அதே ஓட்டையில இதைத் திருகினேன். செய்யப் போறவங்களுக்கு ஒரு விஷயம்: திருகு நீளத்தைப் பலகைத் தடிமனோட ஒப்பிட்டு வாங்குங்க. பெட்டிக்குள்ள ஓட்டை போட்டா காத்து விசிலடிக்கும். எம்.டி.எஃப்.ல ரொம்ப இறுக்கினா மரைபோய் திருகு சும்மா சுத்தும். ரொம்ப மெதுவான ஸ்பாஞ்சும் வேண்டாம், நாளாக ஆகச் சப்பிப் போயிடும், பெட்டியும் ஜெல்லி மாதிரி தள்ளாடும்.

தோராயக் கணக்குல இப்போ இயல்பு அதிர்வெண் 17 ஹெர்ட்ஸுக்குள்ள. 40-ல ஆட்டினா தரைக்குப் போறது ஐந்துல ஒரு பங்கு, முக்கால் கிலோவுக்கும் கீழே. தராசுல பிடிமானம் 6 கிலோ. தூசி படிஞ்சு பாதியாப் போனாலும் நிறைய மிச்சம். 40 ஹெர்ட்ஸைப் பத்து நிமிஷம் இல்ல, அரை மணி நேரம் ஓடவிட்டேன். அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கற வரைக்கும். சாக்பீஸ் கோடு அப்படியே.

அப்பா நேரா வந்து காலால பெட்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். பெட்டி லேசா ஆடி நின்னது. ஒண்ணும் சொல்லல. மச்சுப் பேச்சு அதுக்கப்புறம் வரலை.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கவலை இருந்தது. ரப்பர் போட்டதுல ஆச்சி கைக்கு அதிர்வு குறைஞ்சுட்டா? சாயங்காலம் கொடை ரெக்கார்டிங்கைப் போட்டேன். ஆச்சி சேரை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை வச்சா. குடம் விழுந்தது. கையை எடுத்துட்டு மறுபடி வச்சுப் பார்த்தா.

"என்னலே பண்ணுன? முன்னக்கி இப்பொ நல்லா துடிக்கி."

கணக்கு அதைத்தான் சொல்லுது. முன்னாடி தரை உராய்ஞ்சு உராய்ஞ்சு ஆட்டத்துல பாதியைத் தின்னுட்டு இருந்தது. இப்போ அந்த 0.04 மில்லிமீட்டரும் முழுசா இருக்கு. விரல் நுனியும் உள்ளங்கையும் இந்த அதிர்வெண்ணுல ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு ஆட்டத்தைக்கூட உணரும். செங்கல்லோ அம்மியோ வச்சு அமுக்கியிருந்தா ஆச்சிக்குக் கிடைச்சிருக்கிறது ஒரு ஊமைப் பெட்டி.

கையோட கைத்தடியையும் பார்த்தேன். அடியில் இருக்கிற ரப்பர் புஷ் வெயில்ல கெட்டியாகி, ஓரம் தேய்ஞ்சு, உள்ளே இருக்கிற கம்பு முனையே தரையைத் தொடுற நிலைமை. டைல்ஸ்ல ஊனினா வழுக்குது. அதனாலதான் அவ அதைத் தொடுறதில்லையாம், இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல. மெடிக்கல் ஷாப்ல புது புஷ் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். எடுத்து நாலு தடவை தரையில ஊனிப் பார்த்துட்டு மறுபடி கட்டில் ஓரத்துலயே சாய்ச்சு வச்சிருக்கா. ராத்திரி எடுக்கிறாளான்னு அம்மாகிட்ட போன்ல கேக்கணும்.

நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில ஆச்சி ஒரு வேலை சொன்னா. பெட்டியை அவ கட்டில் பக்கம் கொஞ்சம் நகட்டி வைக்கணுமாம், படுத்துக்கிட்டே கை வைக்க. நடக்கிற வழியில வராம, சுவத்தை ஒட்டி. பெட்டி ஓரத்தைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். வரலை. பையைக் கீழே வச்சுட்டு, குனிஞ்சு, பன்னிரண்டு கிலோவையும் தூக்கிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.